மூன்று பத்துக்குத் திறக்கும் கதவு

பதினோரு இரவாகக்
கராஜ் கதவு தானே திறந்துகொள்கிறது.
தானே என்று நான் சொல்கிறேன்.
தூலா அப்படிச் சொல்லவில்லை.
காலையில் காபியோடு வந்து நிற்கிறாள்,
உள்ளே அடித்துக் கிடக்கும் பனியைப் பார்க்கிறாள்,
பிறகு என்னை.
"பட்டனை நீதான் அழுத்தியிருப்பாய், ரெய்யோ.
அழுத்தியது மறந்திருக்கும்."

மறந்திருக்கும்.
விளிம்புவரை நிறைந்த கிண்ணத்தை
மேசையில் வைப்பதுபோல
அந்தச் சொல்லை வைக்கிறாள்.

தண்டர் பே நகரத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு
முப்பத்து நான்கு வருடமாக பிரேக் பார்க்கிறவன் நான்.
போன மாதம் ஒரு சக்கரத்தின் நட்டுகளை
இறுக்கினேனா என்று சந்தேகம் வந்து
பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன்.
இறுக்கித்தான் இருந்தது.
அதைத் தூலாவிடம் சொல்லியிருக்க வேண்டாம்.
மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.
செவ்வாய்க்கிழமை. ஒரு கடிகாரம் வரையச் சொல்வார்களாம்,
ஐந்து சொல்லைச் சொல்லி
கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்பார்களாம்.

சனிக்கிழமை ஹீட்டரைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன்.
மோட்டாரின் முதுகில் இரண்டு திருகு,
சுவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒல்லிக் கம்பி,
வெள்ளையும் சிவப்பும்.
ஒன்றையொன்று தொட்டால் போதும்,
யாரோ அழுத்தியதாக மோட்டார் நம்பிவிடும்.
அதற்கு விரல் தெரியாது.

இரண்டு பக்கமும் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன்.
சத்தமில்லை.
கம்பியில் குறையில்லை என்றால்
குறை வேறெங்கே என்று
ஏணியின் மூன்றாம் படியில் உட்கார்ந்து யோசித்தேன்.
யோசிக்கப் பிடிக்காமல் இறங்கினேன்.

அன்றிரவு கம்பி கழன்றே கிடந்தது,
கதவு திறக்கவில்லை.
"பார்த்தாயா?" என்றேன்.
"நேற்று நீ நன்றாகத் தூங்கினாய்" என்றாள்.

ஞாயிறு போய்த் திங்கள் பிறந்த மூன்று மணிக்கு
பைஜாமாவுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.
ஹீட்டர் இல்லை. மைனஸ் முப்பத்தொன்று.
ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று
கதவின் அடி ரப்பரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
முதலைக் கவ்விகளைக் கம்பியில் மாட்டி
மீட்டரைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு
மூக்குத் துளைக்குள் முடி விறைக்கக் காத்திருந்தேன்.

கீ
என்றது பை.

வாழ்க்கையில் இவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.
"தூலா!" என்று கத்தினேன்.
என் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள், இடது வலது மாறி.
"கேள்" என்றேன். "நான் இல்லை. கேள்!"
கேட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

டார்ச் வெளிச்சம் கம்பியோடு ஊர்ந்து போனது,
நான்காவது உத்தரத்தில் நின்றது.
அங்கே ஒரு ஸ்டேபிள்
கம்பியை எலும்புவரை கடித்திருந்தது.
பகலில் பிடி தளரும்,
குளிரில் இரும்பு சுருங்கிப் பல் இறங்கும்.
இடுக்கியால் பிடுங்கினேன்.
கீ நின்றது.

அந்த மௌனத்தில் எனக்குக் கொழுப்பு ஏறியது.
"எந்த முட்டாள் இதை இவ்வளவு ஆழமாக அடித்தான்?
கம்பி எது மரம் எது என்று தெரியாதவன்!
கையை உடைக்கணும்."

தூலா கோட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள்.
மேலே இழுக்க இடமில்லை, ஏற்கெனவே கழுத்துவரை இருந்தது.
"ஆகஸ்ட்டில்" என்றாள்.
"நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
உன்னைக் குளவி கொட்டியது. நாம் சிரித்தோம்."

என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
குளவி இல்லை,
ஆகஸ்ட் இல்லை.

கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன்.
திருகுகளை இறுக்கினேன், இறுக்கியதைத் தொட்டுப் பார்த்தேன்,
மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.

காலையில் கதவு மூடியிருந்தது, தரை உலர்ந்திருந்தது.
காபி ஊற்றியபடி தூலா சுவரைப் பார்த்துக் கேட்டாள்,
"போன் செய்து நாளைக்கு வரவில்லை என்று சொல்லிவிடட்டுமா?"

ஸ்டேபிள் என் சட்டைப் பையில் இருந்தது,
இரண்டு கால்களும் கோணலாக.
"வேண்டாம்" என்றேன்.
"எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரை."

"தெரியும்" என்றேன்.