பிழைக்கான காரணங்கள்

குளியலறைத் திரைக்கம்பியில்
பல்லிடுக்கு நூல் ஒன்று கட்டி
அதன் நுனியில் ஓர் இரும்பு நட்டு.
கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து
ஒன்று, இரண்டு என்கிறான் பிரெக்கன்.
என் கையில் போன்.
போனில் ஓடும் நொடி.

ஒன்பது வயதுக்காரனுக்கு இது விளையாட்டு.
எனக்கு நாற்பத்தொன்று.
எனக்கு இது மூன்று கிரெடிட்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
அடுத்தவர் காய்ச்சலை வெந்நீரில் அலசுகிறேன்.
நர்ஸ் படிக்க வேண்டுமென்றால்
முதலில் பௌதிக அறிவியல் பாஸ் பண்ணு என்றார்கள்.
கல்லூரி முந்நூறு மைல் தெற்கே.
அதன் வாசலை நான் மிதித்ததில்லை.
அதுதான் தினமும் என் சமையலறை மேஜைக்கு வந்து
எச்சில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு உட்காருகிறது.

பேராசிரியர் கீல்மன் என்னைப் பார்த்ததே இல்லை.
என்றைக்கோ ஒரு வெயில் நாளில்
பேசிவைத்துப் போன குரல் அவர்.
நான்காம் பாடம், பதினேழாவது நிமிடம்,
முடுக்கம் என்றால் என்ன என்று தொடங்கும்போது
எங்கோ ஒரு நாய் குரைக்கும்.
"மன்னிக்கவும், அது வாஃபிள்" என்பார்.
முடுக்கம் எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது.
இருந்தும் பின்னுக்கு இழுத்து
வாஃபிளை இன்னொரு முறை குரைக்க விடுகிறேன்,
மில்க் ஆறு உறைந்து கிடக்கும் இரவுகளில்.

வெப்பக் கடத்தல் வந்த வாரம் சிரித்தேன்.
பன்னிரண்டு வருடமாய் விரல்களுக்குத் தெரிந்த சமாசாரம்:
உலர்த்தியைத் திறந்ததும் போர்வை அணைத்துக்கொள்ளும்,
அதே சூட்டில் இருக்கிற ஜிப் சுட்டுவிடும்.
"இதற்குப் பேர் இருக்கிறது!" என்றேன் வெர்னெலிடம்.
"பேருக்குச் சம்பளம் கூடுமா?" என்றாள்
தலையணை உறையை உதறியபடி.

இருபது ஆட்டம்.
நாற்பது புள்ளி எட்டு நொடி.
நூலின் நீளம் ஒரு மீட்டர்.
கூட்டிப் பெருக்கி வகுத்துப் பார்த்தால்
ஹேவர் ஊரில் பூமியின் இழுப்பு
ஒன்பது புள்ளி நான்கு ஒன்பது.
புத்தகத்தில் ஒன்பது புள்ளி எட்டு.

கடைசிக் கேள்வி:
பிழைக்கான காரணங்களை எழுதுக.

எழுதினேன்.
சரக்கு ரயில் போனது, நூற்றுப் பத்துப் பெட்டி, வீடு நடுங்கியது.
பதினொன்றில் பையன் தும்மினான்,
பன்னிரண்டை இரண்டு தடவை சொன்னானோ என்னவோ.
கதவிடுக்கில் காற்று.
சோதனை செய்தவர் முந்தின நாள் தூங்கவில்லை.

கடைசி வரியை அழித்தேன்.
பிறகு திரும்பவும் எழுதி
ஞாயிறு இரவு பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன்.

பத்துக்கு எட்டு வந்தது,
கூடவே ஒரு வரி:
"நூலை எப்போது அளந்தீர்கள்?"

எப்போது?
கட்டுவதற்கு முன்னால். மேஜைமேல்.
அது எதையும் தூக்காதிருந்தபோது.

வேலை விட்டு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
நட்டு அங்கேயேதான் தொங்கியது.
டேப்பை மேல் முடிச்சில் வைத்து
நட்டின் நடு வரைக்கும் இறக்கினேன்.
நூற்று மூன்று புள்ளி மூன்று.
நட்டில் பாதி கொஞ்சம்,
மீதி, கனத்துக்கு நூல் கொடுத்தது.

கரண்ட் பில் உறையின் முதுகில்
மறுபடி வகுத்தேன்.
ஒன்பது புள்ளி எட்டு.
பின்னால் ஒரு பூஜ்யமும் வந்தது.
வீணாக்க மனமில்லாமல் அதையும் எழுதினேன்.

மார்க் மாறாது. கெடு முடிந்துவிட்டது.
வெர்னெலுக்கு மட்டும் செய்தி அனுப்பினேன்:
'ஒன்பது புள்ளி எட்டு பூஜ்யம்!'
'மணிக்கா?' என்று பதில் வந்தது.

பல் தேய்க்கும்போது ஏழு மணி ரயில்.
நட்டு மயிரிழை அசைந்தது.
விரற்கடை ஆடினாலும் மயிரிழை ஆடினாலும்
போய்வர ஒரே நேரம்தான் என்கிறது ஐந்தாம் பாடம்.
வாய் நிறைய நுரையோடு
எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்பதில் பிரெக்கன் கதவைத் தட்டினான்,
அவசரமாம்.