டோக்கன்

மண்டபம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பேக்கரி.
காலை நாலு மணி.
பப்ஸ் மாவை விரித்து வனஸ்பதி தடவி
மூன்றாய் மடிக்கிறேன்.
திரும்ப விரித்து, திரும்ப மடித்து,
மூன்று தரம்: இருபத்தேழு அடுக்கு.
பி.எஸ்சி. வேதியியல், ஒரு அரியர் இன்னும் பாக்கி.
கைக்கு அதெல்லாம் தெரியாது,
அது பாட்டுக்கு மடிக்கிறது.

எனக்கு உன்னைத் தெரியும்.
பதினெட்டு கார்பன்,
ஒன்பதாம் இடத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு.
ஒலியிக் அமிலத்துக்கும் இதே கணக்குத்தான்.
ஆனால் அது அந்த இடத்தில்
முழங்கால் மடக்கி உட்காரும்.
நீ மடக்க மாட்டாய்.
துக்க வீட்டுக்கு யூனிபார்மோடு வந்த போலீஸ்காரன் மாதிரி
விறைத்து நிற்பாய்.

கடலுக்குப் போகிற நாள்
மீன்துறை ஆபீஸ் ஜன்னலில் டோக்கன் வாங்க வேண்டும்.
படகு நம்பர், ஆள் கணக்கு,
அதற்கு மேல் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.
உடம்புக்குள்ளும் அப்படி ஒரு ஜன்னல்.
வருகிற கொழுப்பு ஒவ்வொன்றின் தலையிலும்
கோஎன்சைம் ஏ என்று ஒரு சீட்டைக் கட்டி அனுப்பும்.
உனக்கும் கட்டியது.
பிறகு யார் கேட்பது?

உங்களில் கொஞ்சப் பேர் எரியப் போகிறீர்கள்.
தலைப்பக்கமிருந்து ரெண்டு ரெண்டு கார்பனாய் நறுக்கு.
ஒன்று, இரண்டு,
அதுவரை தடையில்லை.
மூன்றாவதில் கத்தி தயங்குகிறது,
கணவாய் ஓட்டில் பட்ட அரிவாள்மணை மாதிரி.

மிச்சப் பேர் செல்லின் சவ்வுக்கு.
அங்கே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ரெண்டு கால்.
முதல் கால் விறைப்பானவர்களுக்கு ஒதுக்கியது.
உன் நிமிர்வைப் பார்த்து
அங்கேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.
வளைந்தவர்கள் இருந்தால் நடுவில் சந்து இருக்கும்,
சுவர் தண்ணீர் மாதிரி அலையும்.
நீ சேரச் சேர
பனங்கை அடுக்கிய நெருக்கம்.

சந்தியாகு இழுத்து வருகிற சூடை
ஐஸ்பெட்டியைக்கூடப் பார்க்காமல்
மீன்மாவு ஆலைக்கு லாரி ஏறுகிறது.
அதன் கொழுப்பு
அஞ்சாறு இடத்தில் வளைந்தது,
எந்தக் குளிரிலும் லேசில் உறையாதது.
அவன் கரையேறிப் பசிக்குத் தின்பது
நான் மடித்த பப்ஸ் ரெண்டு, சில நாள் மூணு.

ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்தார்கள்.
காகிதத்தில் எல்டிஎல் என்று ஒரு எண்,
அதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி.
உன் பெயர் எங்கும் இல்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
"என்னவாம்?" என்றான் என்னிடம்.
நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

ஏப்ரல் பதினைந்து, விசைப்படகைக் கட்டினார்கள்.
அன்றைக்கே அவனும் நிறுத்தினான்.
சிவப்பணுவுக்கு ஆயுசு நூற்றிருபது நாள்;
ரெண்டு தடைக்காலம், ரெண்டு நாள் குறைச்சல்.
பழசு உதிர உதிர ரத்தத்தை விட்டு நீ போவாய்.
அடிவயிற்றுக் கொழுப்பில் குடியேறியவன்
அவ்வளவு சீக்கிரம் காலி பண்ண மாட்டான்.

நேற்று ராத்திரி கேட்டேன்:
"இன்னைக்கு எத்தனாவது நாள்?"
"நாப்பத்தொண்ணு. இன்னும் இருபது" என்றான்,
வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
எழுபத்தொன்பது என்று நான் சொல்லவில்லை.

மணி நாலேகால்.
டின்னைச் சுரண்டுகிறேன்.
விரலிடுக்கில் நீ,
என் சூட்டுக்கும் உருகாமல்.