பசலி 1321, பதினொரு நொடி

நீரில்லாத ஆறு,
அரசனில்லாத கோட்டை,
மரமில்லாத மலை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
கடைசி வரியில்
ஆளில்லாத என் சேனலையும் எழுதிக்கொள்ளுங்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்கள்.
ஒன்பது பேர் சொந்தக்காரர்கள்.
இரண்டு பேர் நானே.

வாரநாளில் ஆஸ்பத்திரியில்
கோப்பு எடுத்துத் தருகிற வேலை.
ஞாயிறானால்
மண்டித் தெருவில் அரிசிக்கடைக்கு மேலே
பூட்டிக் கிடக்கிற வாசகசாலையின் சாவியை
கஜபதியிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவேன்.
இரண்டு ஸ்டூல், ஒரு கொடிக்கம்பி, ரப்பர் பேண்டு,
அதில் தலைகீழாய் என் போன்.

மின்விசிறி ஓடினால் இரைச்சல் பதிவாகும்,
தாளும் பறக்கும்.
அக்னி நட்சத்திரத்தில், வேலூரில்,
விசிறியை நிறுத்திவிட்டு ஒருத்தி
புத்தகம் காட்டுகிறாள் என்றால்
பக்தியா பைத்தியமா என்று கேட்டார் கஜபதி.
இரண்டுக்கும் இதே வெயில்தானே என்றேன்.

இதுவரை காட்டியதில்
கரையான் சுரங்கம் தோண்டிய பஞ்சாங்கம் ஒன்று,
அட்டை மட்டும் மிஞ்சிய வைத்திய நூல் ஒன்று.
முப்பத்தெட்டில் எடுத்துப்போய்
இன்னும் திருப்பித் தராதவரின்
அழகான கையெழுத்து ஒன்று.

அன்று வெளிச்சம் பிடிக்க வந்தவர் தபன் பாபு.
வங்காளத்தில் காட்வா.
மனைவியின் நுரையீரலில் தண்ணீர்.
லாட்ஜில் மூன்று வாரம்,
என் ஜன்னலில் நின்று நின்று பழக்கம்.
எங்கள் இருவருக்கும் பொதுவாய்
இருபது சொல் இருக்கும்.

கிராமத்து நிலக்கணக்கு.
எடைக்குப் போன காகிதத்திலிருந்து யாரோ மீட்டது.
ஊர்ப்பெயரைப் பூச்சி தின்றுவிட்டது.
ஊர் மிச்சம் இருக்கிறது:
நஞ்சை, புஞ்சை, களம், மந்தை,
சுடுகாட்டுக்கு இருபத்திரண்டு சென்ட்.

பக்கம் நாற்பது.
சர்வே எண்ணுக்கு நேரே
ஏரி என்று சாய்த்து எழுதியிருந்தது.
பெரிதாக்கிக் காட்டக் குனிந்தேன்.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு.

நூறு வருஷம் தாண்டிக் காய்ந்த கடுக்காய் மை
கொஞ்சம் யோசித்தது.
பிறகு எழுந்து நடந்தது,
ரகரத்தின் கொம்பைக் கரைத்துக்கொண்டு
கோட்டைத் தாண்டி
பக்கத்துக் கட்டத்துப் புறம்போக்குக்குள்.

துப்பட்டா நுனியால் ஒற்றினேன்.
அந்தப் பழுப்புப் புள்ளி இன்னும் துப்பட்டாவில் இருக்கிறது,
எந்த நூலகத்தின் பட்டியலிலும் வராமல்.

என்ன எழுதியிருந்தது என்றார்.
ஏரி.
ஏரி?
ஜல். பெரிய ஜல்.
இப்போது அங்கே?
பிளாட்.
அந்தச் சொல் அவருக்கும் தெரிந்திருந்தது.
விளக்கை அணைக்காமல்
ஈரம் காய்கிறவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஊசி வைத்து எடுத்த நீர்
ஒன்றேகால் லிட்டர் என்று
அந்த வாரம் நான் எடுத்துக்கொடுத்த கோப்பில் இருந்தது.
எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை.
படித்திருக்கக் கூடாது.

இரவு எடிட்டிங்.
குனிவதிலிருந்து துப்பட்டா வரை பதினொரு நொடி.
வெட்டினேன்.
ஓட்டிப் பார்த்தால்
கறை அந்தக் காலத்திலேயே இருந்ததுபோல் இருக்கிறது.
கர்ணம் வியர்த்தான் என்று
நாளைக்கு யாராவது கட்டுரை எழுதுவார்கள்.
திரும்ப ஒட்டினேன்.
கீழே எழுத்துப் போட்டேன்:

பக்கம் 40. ஏரி.
நனைத்தது இந்தச் சேனல் நடத்துகிறவள்.
ஞாயிறு, பகல் இரண்டு நாற்பது.
விளக்கு: தபன் மண்டல்.

திங்கட்கிழமை ஜன்னலில் அவர் இல்லை.
செவ்வாயும் இல்லை.
எண் எனக்கு மனப்பாடம்.
மூன்றாவது அலமாரி, இடது கை, கீழ்த்தட்டு.
திறந்தால் தெரிந்துவிடும்.

திறக்கவில்லை.