நூற்று நாற்பத்து மூன்று நிமிடம்

களியக்காவிளையில் பஸ் இறங்கி
எல்லைக்கு அப்பால் ஆட்டோ பிடித்து
ஆறரைக்குப் பச்சை உடுப்புக்குள் நுழைந்தால்
அன்றைக்கு யாரோ ஒருவருக்கு நான்தான் இதயம்.
அவருடையது நிற்கும் நேரமெல்லாம்
என் பம்ப்பின் உருளைகள் சுற்றும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வறுவேல்.
நீரோடியிலிருந்து கொல்லம்வரை
மீன்லாரி ஓட்டுகிறவர்.
பெருந்தமனி ஆறு சென்டிமீட்டர்,
பக்கவாட்டில் புடைத்த டயர்போல,
எந்த மேட்டிலும் வெடிக்கலாம்.

9.52. கிளாம்ப்.
செக்போஸ்டில் கட்டை விழுந்தது.
இந்தப் பக்கம் ரத்தம்
மூளைக்கு, கிட்னிக்கு, கால்விரல்களுக்கு.
அந்தப் பக்கம் இதயம் மட்டும்
பட்டினி.
பொட்டாசியம் கலந்த குளிர்நீர் உள்ளே,
நொறுக்கிய ஐஸ் வெளியே.
திரையில் கோடு நேரானது.
தாளில் 'நிறுத்தம்' என்று எழுதினேன்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
மறுபடி குளிர்நீர்.
முதல் இருபது, கொடுத்தேன்.
அடுத்தது, கொடுத்தேன்.
மூன்றாவதுக்கு வாய் திறந்தேன்:
"டோஸ், டாக்டர்."
"ஒரு தையல் கூடி" என்றார் ஈப்பன் டாக்டர்.
ஒரு தையல்.
பிறகு ஊசி நழுவியது, நூல் மாற்றினார்கள்.
இன்னொரு முறை சொன்னேனா,
சொல்ல நினைத்தேனா, தெரியவில்லை.
இருபது இருக்கவேண்டிய கட்டத்தில்
நீல மையில், என் கையெழுத்தில்,
முப்பத்தொன்று.

12.15-க்குக் கட்டையைத் தூக்கினார்கள்.
இதயம் துடிக்கவில்லை,
வலையில் விழுந்த நெத்திலிக் கூட்டமாய் நடுங்கியது.
ஒரு ஷாக். இன்னொன்று.
பிறகு
மனமில்லாமல் ஓடத் தொடங்கியது.

புதுக் குழாயில் ஒரு சொட்டுக் கசிவில்லை.
எல்லோரும் கையுறை கழற்றினார்கள்.
ஐ.சி.யு.வில் டிரோப்போனின் மட்டும்
இரவு முழுக்க ஏறிக்கொண்டிருந்தது.
எக்கோ பார்த்த சுபைதா சொன்னாள்,
இடது அறையின் உட்பக்கம்
அசையவே யோசிக்கிறதாம்.

ஐந்தாம் நாள் கட்டிலருகே போனேன்.
பிலோமி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.
"எம்புடு நேரம் நின்னு கெடந்துது, மோளே?"
சொன்னேன்.
கண்மூடிக் கணக்குப் போட்டார்.
"ஐஸிலயா?"
"ஐஸில்தான்."
"மீன்பெட்டி பாத்திருக்கியா?
வெளியில உள்ளதுக்குக் கண்ணு தெளிஞ்சு கெடக்கும்.
கெடுறது நடுவுல உள்ளது.
ஐஸு அங்க போயித் தொடாது."

பக்கத்துக் கட்டிலில் யாரோ மலையாளத்தில்
தண்ணீர் கேட்டார்கள்.
வறுவேல் கஞ்சிக்கு வாய் திறந்தார்.
மூன்றாம் கரண்டிக்கே மூச்சு வாங்கியது.
பதினொன்று என்கிற எண்
என் நாக்கின் அடியில் கிடந்தது.
"வண்டி எப்ப எடுக்கலாம்?"
"டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன்.

சாயங்காலம் எல்லையருகே டிராஃபிக்.
பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மீன்லாரி.
பூட்டிய பின்கதவின் கீழே
தண்ணீர்
சொட்டிக்கொண்டே இருந்தது.