தட்டினால் விடணும்

முதல் மூன்று மாதம் விழ மட்டும்தான்
சொல்லிக்கொடுத்தார் முனிரத்தினம் மாஸ்டர்.
பின்பக்கம், இடது, வலது.
தாடை நெஞ்சில் ஒட்ட,
உள்ளங்கை தரையை அறைய.
எனக்கு அப்போது முப்பத்தொன்பது,
அவர் ஆறு வயது மூத்தவர்.
புருஷன் போய் ஒரு வருஷம்;
நகரியில் எட்டுத் தறி, மூன்று கடன்.
தறிச் சத்தத்துக்கு மேலே கத்த
ஓர் இடம் வேண்டியிருந்தது.

கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் மெத்தை.
தார்ப்பாய்க்குள் திணித்தது என் தறிக் கழிவு நூல்தான்,
தையல் விட்ட மூலையில்
லுங்கிச் சிவப்பும் லுங்கிப் பச்சையும் எட்டிப் பார்க்கும்.
"அடுத்த ஊர் புத்தூர்.
கட்டுப் போட ஊர் ஊரா வர்றான்.
என் மெத்தையிலருந்து ஒருத்தன் போனதில்லே" என்பார்.
ஜூடோவைப் பற்றி அவர் அடித்த ஒரே பெருமை.

கழுத்தை நெரித்தாலும் கையை முறுக்கினாலும்
கீழே இருப்பவர் இரண்டு தட்டு தட்டினால்
அந்த நொடியே விடணும்.
மெத்தையில் தட்டலாம், உன்மேல் தட்டலாம்.
சாதாரண நாளில் தமிழ் பேசுவார், கோபத்துக்குத் தெலுங்கு:
"வதுலு!"
மொழி தெரியாதவனுக்கும் கை தானாய்த் திறக்கும்.
ஒருநாள் கோதண்டம்
ஒரு தட்டுதானே கேட்டது என்றான்.
மாதப் பணத்தை எண்ணிக் கையில் வைத்து,
செருப்பு மாட்டக்கூட விடாமல் அனுப்பினார்.
அவர் யாரையாவது அனுப்பியது
அந்த ஒரு தடவை.

நுரையீரல் நார்த்துப்போனது என்றார்கள் திருப்பதியில்.
தறிப் பக்கமே நின்றதில்லை அவர்,
ரேணிகுண்டாவில் ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடித்தவர்.
முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம், ஏழெட்டுப் பேர்.
மார்கழியில் என் முறையன்று பாத்ரூமில் விழுந்தார்.
கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது
முதலில் அறை,
பிறகுதான் உடம்பு.
உள்ளே ஓடினால்
ஈரத்தரையில், தாடை நெஞ்சில் ஒட்டியபடி:
"சரியா... விழுந்தேனா?"
இடது கை கொஞ்சம் லேட், என்றேன்.
சிரிக்கப் போய்
அரை மணி நேரம் இருமினார்.

தை பிறந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரி.
மகன் ஷார்ஜாவிலிருந்து, லைன் விட்டு விட்டு:
"நீங்களே கையெழுத்துப் போடுங்கக்கா."
குழாய் போடலாமா என்று கேட்டாள் டாக்டர்,
சின்னப் பெண், கண்ணெல்லாம் தூக்கம்.
நான் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.
தட்டினார்.
என் முன்கையில்.
இரண்டு முறை.

ஆக்ஸிஜன் குறைந்தால் வரும் நடுக்கம், என்றாள்.
இருக்கலாம்.
ஆனால் பதினேழு வருஷம்
அந்த விரல்கள் தட்டி நான் விட்டிருக்கிறேன்.
வயசாகுதே என்று தட்டும் முன்பே விட்டால்
அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன்.
எனக்கு நடுக்கமும் தெரியும், தட்டும் தெரியும்.

பேனா யாருடையது என்று ஞாபகமில்லை.
போட்டேன்.

பதினோரு நாள்.
ஆறாம் நாள் மகன் வந்தான்,
அப்பா கண் திறந்து பார்த்தார்.
அதாவது கிடைத்ததே என்கிறார்கள் எல்லோரும்.
கேட்கிறவர்களிடம் நானும்
அதையேதான் சொல்கிறேன்.

போன செவ்வாய் மெத்தையைப் பிரித்துத் தைத்தோம்.
பழைய நூல் கட்டிதட்டிக் கிடந்தது,
யார் யார் வேர்வையோ.
கூப்பிடாமலே வந்திருந்தான் கோதண்டம்,
தலை முழுக்க நரை.
ஒரு கையில் கோணி ஊசி,
ஒரு கையில் செருப்பு.
வாசலைத் தாண்டவில்லை.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வா என்று சொல்ல நான் யார்,
வராதே என்று சொல்லத்தான் யார்.
தார்ப்பாயின் ஓரத்தை மடியில் இழுத்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்,
ஓர் ஆளுக்கு இடம் விட்டு.