சதுர அடிக் கணக்கு

அண்ணனுக்கு அறுபத்தி ரெண்டு.
என் கம்ப்யூட்டரில் அவர் நாற்பதைத் தாண்டியதில்லை.
தாடை மடிப்பை நான்தான் அழித்தேன்.
இடது கன்னத்து மருவை அழித்தேன்.
வழுக்கை ஏறிய நெற்றிக்கு
பக்கத்தில் நிற்கும் வட்டச் செயலாளர் தலையிலிருந்து
முடி எடுத்து நட்டேன்.
காதுகுத்துக்கு ஒரு முறை சிங்கத்தோடு,
பூப்புனித நீராட்டுக்குச் செங்கோலோடு,
ஒரு பிறந்தநாளில்
விமானம் ஓட்டுகிறவராக.

சிம்மக்கல்லில் கடை.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
அண்ணன் ஆட்களுக்கு மட்டும்
“எழுதி வை தம்பி.”
அப்படி எழுதி வைத்த நோட்டு மூன்று.
முதலாளி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்,
வசூலாகும் என்றல்ல,
கரையான் தின்றுவிட்டால் நிம்மதி என்று.

கண்மாய்க்குள் அண்ணன் மண்டபம் கட்டினார்.
அனுமதி ஒரு மாடிக்கு, ஆசை நான்குக்கு.
ஆட்சேபணை உள்ளவர்கள்
முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று
தாலுகா ஆபீஸ் கதவில் ஒட்டியிருந்தது.
ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை,
அந்தக் கால்கோள் விழா பேனரும் என் கைவேலை.
ஐப்பசியில் தண்ணீர் வந்து
தன் ஆட்சேபணையைச் சொன்னது,
அஸ்திவாரத்தில், ராத்திரி ரெண்டு மணிக்கு.

உள்ளே படுத்திருந்தவர்கள் ஐந்து பேர்.

காலை ஒன்பதரைக்கு ஆர்டர்.
இருபதுக்குப் பத்து. கண்ணீர் அஞ்சலி.
“அண்ணன் படம் பெருசா போடு, கும்பிட்ட மாதிரி.
சிரிக்கிறது வேணாம், நல்லாருக்காது.”
கும்பிட்ட படம் ஒன்றே ஒன்று,
ஓட்டுக் கேட்கையில் எடுத்தது. அதில் பல் தெரிந்தது.
உதட்டை இழுத்து மூடினேன்.
கண்ணோரம் ஒரு துளி வைத்தேன்,
மினரல் வாட்டர் விளம்பரத்திலிருந்து வெட்டியது.

இறந்தவர்கள் கீழே, ஒரே வரிசையில்.
நாலு பேருக்குப் படம் வந்துவிட்டது.
ஐந்தாவது ஒச்சம்மா, சித்தாள், கருமாத்தூர்ப் பக்கம்.
ஆதார் அட்டையில் இருந்தது
யாருடைய முகமாகவும் இருக்கலாம்.
மகன் தவசி வந்தான்,
கீறல் விழுந்த போனோடு.
சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் எடுத்த படம்:
கையில் பாதி தின்ற வெள்ளரிப்பிஞ்சு,
யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.
பின்னால் என் பேனர்.
அண்ணனின் செருப்பு
அவள் தலைக்கு மேலே நிற்கிறது.

அந்தச் செருப்பிலிருந்து அவளை வெட்டி எடுக்க
முக்கால் மணி நேரம்.
முடியோரத்தில் ஒட்டிய வேட்டி வெள்ளை
கடைசி வரை போகவில்லை.
“மூக்குத்தி தெரியலண்ணே,
கொஞ்சம் பெருசாக்க முடியுமா?”
இடமில்லை என்றேன்.
இடம் இருந்தது.
இருநூறு சதுர அடியில்
அண்ணனுக்கு நூற்று முப்பது,
அனுதாபம் தெரிவிப்போர் நாற்பத்தியொரு பேருக்கு ஐம்பது.
அவளுக்கு அரை.
ஆறு ரூபாய்.
அதையும் எழுதி வைத்தோம்.

அவன் போன பிறகு,
ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை,
பழைய ஃபைலைத் திறந்து
மருவை மட்டும் திரும்ப வைத்தேன்.

ஆரப்பாளையம் ரவுண்டானாவில் கட்டினார்கள்.
சாயங்காலம் போன் வந்தது.
யார் பெயராவது தப்பாகிவிட்டதோ என்று
கை நடுங்க எடுத்தேன்.
“ஏண்டா, அண்ணன் கன்னத்துல
என்னடா அழுக்கு?”

தின்னர் டப்பாவும் பழைய துணியும்.
ஏணியைப் பிடித்துக்கொண்டான் வீரணன்.
மேலே அவர் கன்னம் என்னைவிட உயரம்.
அந்தக் கண்ணுக்கு நேராக நின்று திரும்பினால்
பாலம் தெரிகிறது, வைகை தெரிகிறது,
ஆற்றுக்குள் மேயும் மாடுகூடத் தெரிகிறது.
கீழ் வரிசை தெரியவில்லை.

தேய்த்தேன்.
மரு போயிற்று, கூடவே கொஞ்சம் கன்னமும்.
துணியில் அவருடைய நிறம்,
நான் போட்ட நிறம்தான்.

“போயிருச்சாண்ணே?” என்றான் வீரணன்.

போயிருச்சு என்றேன்.