இரண்டு புள்ளிகள்

காலையில் காபிக்கும் முன்னால்
நான் திறப்பது நேற்றிரவின் தோல்விகளை.
யார் தேடினார்கள் என்று பட்டியல் சொல்லாது.
எது கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும்.

23:10. அன்னையாறு, பனி உடைந்த நாட்கள். முடிவுகள் பூஜ்யம்.
23:12. அன்னையாறு பனிக்கட்டி. பூஜ்யம்.
23:19. ஜெர்மானியர் வைத்த பெயரில் அதே ஆறு.
நாற்பத்தொன்று வந்திருக்கிறது,
எல்லாம் மீனும் படகுக் கட்டணமும்.
23:31. ரஷ்ய எழுத்தில்.
23:40. வெறும் 'பாலக் காவலர்'.
அப்புறம் தூங்கப் போயிருக்க வேண்டும்.

எனக்குத் தெரியும் அந்த நோட்டு.
தொண்ணூற்றாறில் தார்த்துவின் இந்த நிலவறையில்
விரல்நுனி வெட்டிய கையுறையோடு
நாளுக்கு இருநூறு அட்டைகளைக்
கணினிக்குள் தட்டி ஏற்றினேன்.
அதில் ஒன்று: குஸ்தாஸ் லெல்லெப், பாலக் காவலர்.
பதினைந்து வசந்தங்கள்,
ஆறு எந்த நாள் எத்தனை மணிக்கு
உடைந்து நகர்ந்தது என்று பென்சிலில்.

ஆறு என்ற எங்கள் சொல்லின் நடுவில்
ஓர் எழுத்து, வட்டத்தின் தலையில் குட்டி அலை.
விசைப்பலகையில் கொஞ்சம் தள்ளி
அதே வட்டம், தலையில் இரண்டு புள்ளி.
இரண்டையும் தட்டுவது வலது சுண்டுவிரல்தான்.
அன்று அது குளிரில் விறைத்திருந்தது.
அலை, இரண்டு துளியாக உறைந்துவிட்டது.
இத்தனை வருடம் அந்த ஆற்றை
யாரும் கூப்பிடவில்லை,
கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிராது.

விண்ணப்பம் போடு, புதன்கிழமை பார்க்கலாம் என்றான் உர்மெத்.
போடவில்லை.
கடவுச்சொல் என்னிடமும் இருக்கிறது.
புள்ளிகளை அழித்தேன், அலையை வைத்தேன்.
அட்டவணை இரவு இரண்டு மணிக்குத்தான் புதுப்பிக்கும்.
அதுவரை ஆறு நின்றபடியே நிற்கட்டும்.

மறுநாள் பட்டியலில் அந்த ஆள் இல்லை.
அதற்கு மறுநாளும்.
சலித்துப் போனாரா, கிடைத்துவிட்டதா?
கிடைத்தவர்கள் என் பட்டியலில் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம்
வேறெதற்கோ திறந்த பக்கத்தில் பார்த்தேன்:
லெல்லெப், நோட்டு, ஒரு பிரதி.
இருப்பிடம்: வாசிப்பு அறை.
இரண்டு மாடி ஏறினால் முகம் பார்க்கலாம்.
நடுவே ராக்னெயின் மேசை,
என்ன வேண்டும் என்பாள்,
என்ன சொல்வது?

ஏறவில்லை. உட்கார்ந்து
எல்லாரும் தேடும் அதே பெட்டியில்
முதல்முறையாக என் பிழையைத் தட்டினேன்,
இரண்டு புள்ளி வைத்த ஆறு.

முடிவுகள்: அறுபத்து மூன்று.

கையுறையைக் கழற்றுவதுபோல்
விரல்களை ஒருமுறை நீவிவிட்டு
முதலாவதைத் திறந்தேன்.
ஏதோ ஒரு சின்ன ஓடை.
அதை இன்னும் யாரும் தேடவில்லை.